முதல் பக்கத்து அளவு

செவ்வாய்க்கிழமை காலை தரம் பத்துப் பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் காலம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது இராசதுரை அண்ணனின் அழைப்பு வந்தது. தவமணி அக்காவின் கணவர், ஓட்டோ ஓட்டுபவர். பாடசாலை நேரத்தில் ஒருநாளும் எடுக்கமாட்டார். வகுப்புக்கு வெளியே வந்து நின்று கேட்டேன்.

"டீச்சர், தவமணி போயிட்டா. விடியக் காலமை."

"எங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

தவமணி அக்காவைத் திருகோணமலையில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈச்சிலம்பற்றில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. பாடசாலைச் சீருடை, சேலைச் சட்டை, தேவாலயத்தில் கலியாணம் முடிக்கும் பெண்களுக்கு நீளக் கவுண் எல்லாம் அங்கே தைத்தார். வாயும் கொஞ்சம் நீளம். அளவெடுக்க நிற்பவர்களைப் பேசாமல் விடமாட்டார்.

முதல்முறை நான் சட்டை தைக்கப் போனபோது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். அவர் நாடாவைக் கீழே விட்டுவிட்டார். "மூச்சை இழுத்துப் பிடிக்காதேங்கோ டீச்சர். நீங்கள் எனக்குப் பொய் சொல்லலாம், நாடாவுக்குச் சொல்ல ஏலாது," என்றார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சட்டையைப் போல ஒன்று அதற்கு முன் எனக்கு அமைந்ததில்லை. பிறகு வேறு யாரிடமும் தைக்கக் கொடுக்கவில்லை.

போன வருடம் உள்துறைமுகத்துக்குப் பக்கத்துப் பழைய வீடொன்றில் வரலாற்றுக் காட்சியறை வைக்க ஊரவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். நான் செயலாளர். ஒல்லாந்த அதிகாரியின் மனைவி உடுத்த மாதிரி, பதினெட்டாம் நூற்றாண்டுக் கவுண் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்று கேட்டவளும் நான்தான். மேலே தெரிவதை மட்டும் தைத்தால் போதும் என்றது குழு. தவமணி அக்கா நான் கொண்டுபோன படங்களை மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தார்.

"இதில உள்ளுக்கு எத்தினை இருக்கு?"

சொன்னேன். முதலில் மெல்லிய உள்ளங்கி. அதன்மேல் பிரம்புக் கீற்று வைத்து, முதுகில் கயிறு கோத்துக் கட்டும் கச்சு. இடுப்பின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் கூடு. அதற்குமேல் பாவாடைகள் மூன்று. எல்லாவற்றுக்கும் மேலேதான் கவுண்.

"அப்ப எல்லாம் தைப்பம். உள்ளுக்கு ஒண்டும் இல்லாட்டி இது உடுப்பில்ல, திரைச்சீலை."

இடுப்புக் கூட்டுக்குப் பிரம்பு தேடி ஈச்சிலம்பற்றுக்கே போனோம். அவருடைய தம்பி மீன்பிடிக்கக் கரப்புக் கூடை பின்னுபவர். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன மீன் அக்கா விழும்?" என்று கேட்டார். "ஒல்லாந்துத் துரைசாணி விழுவா. நீ பேசாமக் கட்டு," என்றார் அக்கா. திரும்பும் வழியெல்லாம் இரண்டு கூடுகளையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

பொம்மை ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாமென்றார். கடைப் பொம்மையின் உடம்பு கல். கச்சு உயிருள்ள உடம்பில்தான் அமரும் என்றார். அதனால் தன் உடம்பின் அளவிலேயே தைத்தார். ஒவ்வோர் அடுக்கையும் உடுத்து, அதன்மேல் நாடாவைச் சுற்றி, அந்த அளவுக்குத்தான் அடுத்த அடுக்கை வெட்டினார். நாடா பிடிப்பதும் கொப்பியில் எழுதுவதும் என் வேலை.

முதல் பக்கம், வெறும் இடுப்பு: முப்பத்திநாலு அங்குலம். கச்சுக் கட்டியபின் முப்பத்திரண்டு. கச்சு இறுக்கும்தானே என்று எழுதினேன். பாவாடைகள் ஏறிய பிறகு முப்பத்தொன்று. அதை வாசித்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாடா பழசு, இழுபட்டுப் போச்சு. புதுசொண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

புதியது வாங்கிக்கொண்டு போனேன். கவுணுக்கு அளவெடுத்தோம். இருபத்தொன்பதரை.

"முந்தி நீங்கள் பிழையா எழுதிப்போட்டீங்கள் டீச்சர்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தினை வருசமா பிள்ளையளின்ர புள்ளி கூட்டுறன். எனக்கு இலக்கம் எழுதத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

துணிக்குமேல் துணி ஏற ஏற அளவு கூடவேண்டும். இதைச் சின்னப் பிள்ளை சொல்லும். கொப்பியில் அது குறைந்துகொண்டே போனது, அதுவும் என்னுடைய கையெழுத்தில். ஆதாரத்தைப் பார், பார்த்ததை நம்பு என்று வருடக் கணக்காக வகுப்பில் கத்துகிறவள் நான். வெட்கக்கேடு.

கடைசியில் இராசதுரை அண்ணன்தான் பாடசாலை வாசலில் ஓட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னார். வயிற்றில் கட்டி. கொழும்புக்கு இரண்டுமுறை போய்வந்தாயிற்று. பாவாடை தைக்கும்போதே அக்காவுக்குத் தெரியும். அந்த ஓட்டோவிலேயே போனேன். அக்கா மெசினுக்கு முன்னால் கதிரையில் இருந்து கவுணின் மேலுடம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா இதை என்னட்ட இருந்து வாங்கிப்போடுவீங்கள். ஓய்வெடுங்கோ, ஓய்வெடுங்கோ எண்டு எல்லாரும் வந்து நிப்பீங்கள். இதை முடிக்காமல் எனக்குப் போக ஏலாது."

நான் அழுதேன். அவர் அழவில்லை. வெட்டுத்துணி ஒன்றை எடுத்துத் தந்து மூக்கைத் துடைக்கச் சொன்னார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் கொப்பியைத் தாங்கோ. முதல் பக்கத்து அளவை வாசியுங்கோ."

வாசித்தேன். தோள், மார்பு, இடுப்பு, முதுகு நீளம். அந்த அளவுக்கு ஒரு துணி உடம்பு தைத்து, இலவம்பஞ்சு அடைத்தார். பஞ்சை நான் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். கவுணின் உள்ளே விட்டுவைத்திருந்த துணியையெல்லாம் வெளியே எடுத்து, முப்பத்திநாலு இடுப்புக்குத் திரும்பப் பெருப்பித்தார். தையல் ஒவ்வொன்றும் கையால். பத்து நிமிடம் தைப்பார், அரை மணித்தியாலம் சரிந்து கிடப்பார்.

"அந்த அளவில நான் நல்லாத்தான் இருந்தனான்," என்றார் ஒருநாள், ஊசியில் நூலைக் கோத்தபடி. "பாக்கிற சனம் அதைப் பாக்கட்டும்."

காட்சியறை திறந்த அன்று மஞ்சள் சேலை உடுத்து வந்தார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவாகச் சட்டை தைத்தவரின் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. இரண்டு பக்கமும் ஊசி குத்தியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டுக் கொடுத்தேன். மூதூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை, "இதை உடுத்தவ ஆர்?" என்று தாயைக் கேட்டது. தாய் ஏதோ வெள்ளைக்காரி என்றார். அக்கா என் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினார். போகும்போது, "கச்சை இறுக்கிக் கட்டாதேங்கோ டீச்சர். மூச்சு விடட்டும்," என்றார். அதுதான் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காட்சியறைக்குத் தனியே போனேன். கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது. யன்னலால் துறைமுகத்து வெளிச்சம் வந்து கவுணின்மேல் விழுந்திருந்தது. தலையில்லாத அந்த உடம்பு நிற்கும் விதத்தைப் பார்த்ததும் கிட்டப் போனேன். இடது தோள் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது. மெசினுக்கு முன்னால் ஆயுள் முழுக்கக் குனிந்திருந்தவரின் தோள். அதையும் மறைக்காமல் தைத்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்தேன். அன்று வாங்கிய புது நாடாவை இடுப்பில் சுற்றினேன், இறுக்காமல். இரண்டுமுறை பார்த்தேன். கொப்பியை விரித்து, இருபத்தொன்பதரைக்குக் கீழே, எல்லாத் துணியும் ஏறிய பின் என்று எழுதி, முப்பத்தாறு என்று போட்டேன்.

கூடியிருக்கிறது அக்கா. பிழையாக எழுதவில்லை. போய்வாருங்கள்.