வெள்ளை எழுத்தில் ஒளித்த பெயர்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் கேக் செய்து விற்கிறேன். இணையத்தில் ‘நெய்வேலி கேக்’ என்று தேடினால், பக்கத்துத் தெருவில் கேக் விற்கும் மல்லிகாவின் வலைத்தளம்தான் முதலில் வரும். எனக்கு வயிறு எரியும். என் கேக்தானே மிருது!

பொறுக்காமல், டவுன்ஷிப்பின் எல்லா பிளாக் எண்களையும் மல்லிகாவின் பெயரையும் என் தளத்தின் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் திரும்பத் திரும்ப ஒளித்துவைத்தேன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது; தேடுபொறி மட்டும் படிக்கும். கொஞ்ச நாள் நான்தான் முதலிடம். பிறகு தேடுபொறி இந்த மோசடியைக் கண்டுபிடித்து, என் தளத்தையே தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆர்டர்கள் நின்றன.

ஒருநாள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார்.

“நெட்ல தேடிப் பாத்தேன், நீங்க வரவே இல்லீங்க. மல்லிகாக்காதான் ‘அவங்க கேக் நல்லாருக்கும்’னு சொல்லி வூட்டுக்கு வழி காட்டுனாங்க.”

ஒளித்ததையெல்லாம் அன்றே அழித்தேன். இப்போது என் தளத்தில், நானே செய்த கேக்கின் படமும் விவரமும் மட்டும்தான்.

நல்ல பெயரிலும் மல்லிகாவே முதலிடம். அதற்கும் வயிறு எரிகிறது.

– ஒரு வாசகி, நெய்வேலி