பிளீச்சிங் அக்கா மீன்தொட்டி கழுவிய கதை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் பிளீச்சிங் அக்கா. தரையைத் துடைக்கச் சொன்னால் தரையின் தோலையே உரித்துவிடுவாள் என்று நர்சுகள் கிண்டலடிப்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில் அவள் துடைத்த இடத்தை மேற்பார்வையாளர் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே நோய் புகுந்து மீன்தொட்டியைக் காலி செய்துவிட்டது.

முதலில் ஒரு மீனின் வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை படர்ந்தது. அப்புறம் மளமளவென்று எல்லாம் செத்து மிதந்தன. மிஞ்சியது ஒரே ஒரு கறுப்பு மீன். வெறும் மீனுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் அவள் புருஷனைப் பார்க்க வேண்டும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுத்த படுக்கையாகிவிட்டார். அவள் வேலைக்குப் போய்விட்டால் அவருக்குப் பேச்சுத்துணை அந்தத் தொட்டிதான். மீன்கள் சாகத் தொடங்கியதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோறு வேண்டாம் என்றார். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். இந்த மீனும் போனால் இவரும் போய்விடுவார் என்று அவள் பயந்தாள்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் ஓடினாள்.

"மீனைத் தனி பக்கெட்டுல விட்டு இந்த மருந்தைப் போடுங்க. தொட்டி, கல்லு எல்லாத்தையும் பிளீச்சிங் தண்ணில ஊறவச்சு, வாடை துளிகூட இல்லாம அலசணும். நல்லா காயவிட்டுத்தான் மறுபடி மீனை விடணும்" என்றார் அவர்.

பிளீச்சிங் பற்றி எனக்கே பாடமா என்று அவள் மனசுக்குள் முறைத்துக்கொண்டாள்.

மருந்தில் கறுப்பு மீனின் வெள்ளை உதிர்ந்ததும் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பழைய செடிகளையும் ஃபில்டர் பஞ்சையும் தூக்கிக் குப்பையில் போட்டாள். தொட்டியையும் கல்லையும் ஊறவைத்து, தேய்த்து, கை வெளுக்க அலசினாள். காயவிடத்தான் பொறுமையில்லை. புருஷன் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு கல்லை மூக்கருகே வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாடையே இல்லை. தண்ணீரை நிரப்பி மீனை விட்டாள்.

"இங்க பாருங்க, நம்ம கறுப்பன் வந்துட்டான்."

அவர் திரும்பவில்லை. மீன்தான் திரும்பியது, தலைகீழாக. கண்ணாடியில் முட்டி மோதி, மேலே வந்து வாயைப் பிளந்தது. அவள் பதறிப்போய் இரண்டு கையாலும் அள்ளிப் பக்கெட்டில் போட்டாள். அது ஒருக்களித்துக் கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"வாடை மூக்கைத் துளைக்குது" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

"எனக்கு வரலியே?"

"உனக்கு எங்க வரும்? வருஷக்கணக்கா அதையே மோந்து உன் மூக்கு செத்துப்போச்சு. நீ வாசப்படி ஏறும்போதே எனக்கு வரும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்ப நான் மீனை விடும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அந்த மீனாவது சீக்கிரம் போய்ச் சேரட்டும்னுதான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தொட்டியைப் போட்டு உடைத்திருப்பாள். கட்டிலைத்தான் தரதரவென்று இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே போய் நின்று, ஒரு கல்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பக்கெட்டுல அது இன்னும் மூச்சு விடுது. நீங்களும் விடுறீங்க. என் மூக்கு உதவாது, உங்க மூக்கைத்தான் நம்பணும். சொல்லுங்க, வாடை வருதா?"

அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். கல்லிலிருந்து தண்ணீர் தலையணையில் சொட்டியது. அவள் கையை எடுக்கவில்லை. கை வலித்தது, அப்போதும் எடுக்கவில்லை.

"வருது" என்றார்.

அவள் கல்லை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.