நீலப் பக்கம்

மரியஜோசப் கையில் அகப்பட்ட எந்தப் பொருளும் நிறம் மாறாமல் தப்பியதில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் அவருடைய குவார்ட்டர்ஸைக் கண்டுபிடிக்க யாரும் நம்பர் கேட்க வேண்டாம். கேட் கிளிப்பச்சை, தண்ணீர்க் குழாய் கடல்நீலம், துணி காயப்போடும் கம்பிகூட மஞ்சள். அவர் அனல் மின் நிலையத்தில் டர்பைன் பார்த்த மனிதர். அங்கே எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்பதை நிறத்தை வைத்துத்தான் சொல்வார்கள். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பெயிண்ட் மட்டும் பண்ருட்டிக் கடையில் சொந்தக் காசில் வாங்கியது. இதை யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொல்லுவார்.

"சும்மா நின்னா எனக்கும் ஒரு கோட்டு அடிச்சிடுவாரு இந்த மனுசன்" என்பாள் அவர் மனைவி லூசியம்மாள். டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பிளாக் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். அவளுடைய தீராத குறை ஒன்றுதான்: இந்த மனிதருக்கு இஷ்டம் இருந்தால் பேசுவார், இல்லாவிட்டால் கல்லுப்பிள்ளையார். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் கோபித்துப் பார்த்தாள். பிறகு அதுதான் குணம் என்று முடிவுகட்டிவிட்டாள். மரியஜோசப்புக்கோ அவள் எதற்கு இப்படி திடீர் திடீரென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்பதே விளங்கியதில்லை.

சென்னையில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த மகள் கிறிஸ்டினா பொங்கல் லீவுக்கு வந்தபோது ஒரு ஹெட்போனைக் கொண்டுவந்தாள். கல்லூரியில் கீபோர்டு வாசித்து வாங்கிய முதல் பரிசு. வெள்ளை நிறம். ஹாஸ்டல் கட்டிலிலிருந்து விழுந்து இரண்டு பக்கமும் சிராய்த்துப்போயிருந்தது. எது இடது, எது வலது என்ற எழுத்தும் தேய்ந்துவிட்டது.

"நீ பெயிண்ட் அடிச்சா சூப்பரா இருக்கும்ப்பா. ஆனா ஜாக்கிரதை. இது போச்சுன்னா வேற வாங்கினாலும் இது ஆவாது."

"உங்கப்பன் கை வச்சி எதுனா கெட்டுப்போயிருக்கா?" என்றார். அப்புறம் அவரே ஒரு திட்டமும் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஒரே கலர் வேணாம். வலது செவப்பு, இடது நீலம். எழுத்தே தேவையில்ல."

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. காதில் படும் பஞ்சு மெத்தைகளைக் கழற்றி வைத்தார். சிராய்ப்பை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தார். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும் என்று சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தார். ஒலி வரும் துளைகளையும் ஒயர் நுழையும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்தார். பிறகு பிரைமர், அதன்மேல் ஸ்ப்ரே. மெல்லியதாக ஒரு கோட்டு, காயவிட்டு இன்னொரு கோட்டு. புழுதி ஒட்டாமல் இருக்கப் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் காவல் உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை என்றாள் லூசியம்மாள்.

மறுநாள் காலையில் வாளியைத் தூக்கினால், கடையில் வாங்கிய புதுச் சாமான் போலப் பளபளவென்று இருந்தது. அவருக்கே நெஞ்சு நிமிர்ந்தது. மெத்தைகளை மாட்டி, தன் போனில் செருகி, ஒரு மாதா பாட்டைப் போட்டுக் காதில் வைத்தார்.

சிவப்புப் பக்கம் கணீரென்று பாடியது. நீலப் பக்கம் பாடவில்லை.

அவருக்குப் பகீரென்றது. சத்தத்தைக் கூட்டினார். நீலப் பக்கத்தில் கொசு முனகுவது போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். பெயிண்ட் உள்ளே இறங்கிவிட்டது! மெத்தையைப் பிரித்துப் பார்த்தார். துளைகள் சுத்தமாக இருந்தன. ஒயரை ஆட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், வெயிலில் காட்டினார், மறுபடி மாட்டினார். கொசுதான். பிள்ளை வாங்கிய பரிசை நாசம் பண்ணிவிட்டோமே! தைப்பூசக் கூட்டம் வடலூரில் கூடுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று கிறிஸ்டினா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறைக்க வழியில்லை.

"பாப்பா, அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன். நீலம் போச்சு" என்று நீட்டினார்.

அவள் பதறிப்போய் வாங்கி மாட்டினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "நல்லாத்தானப்பா பாடுது?"

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். பயமுறுத்திட்ட போ."

அவர் பிடுங்கி மாட்டினார். சிவப்பு கணீர், நீலம் கொசு. "பாரு, இப்ப மறுபடி போயிடுச்சு. லூஸ் கனெக்சன்!" என்றார். அவள் மாட்டினால் பாடுகிறது, அவர் மாட்டினால் பாடவில்லை. சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற லூசியம்மாள், "ஹெட்போனுக்குக்கூட உங்களோட பேசப் புடிக்கல" என்று சிரித்தாள்.

கிறிஸ்டினா ஏதோ யோசித்தாள். ஹெட்போனை அப்பா தலையிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தாள். இப்போது நீலம் வலது காதில், சிவப்பு இடது காதில்.

நீலம் கணீரென்று பாடியது. சிவப்பில் கொசு முனகியது.

மரியஜோசப் அப்படியே விறைத்துப்போனார். தானே ஒருமுறை கழற்றித் திருப்பினார். மறுபடி திருப்பினார். நிறம் மாறிக்கொண்டே இருந்தது, கொசு மட்டும் இடது காதைவிட்டு நகரவில்லை. பெயிண்டில் கோளாறில்லை. ஹெட்போனில் கோளாறில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

டர்பைன் ஓடும் தளத்தில் காது மூடி கட்டாயம். அவரும் ஒரு ஷிஃப்ட்கூட மாட்டாமல் போனதில்லை. ஆனால் இரண்டு காதையும் மூடிவிட்டால் மெஷின் சுருதி மாறுவது எப்படித் தெரியும்? வலது கையில் ரீடிங் குறிக்கும் பேனா இருக்கும். சும்மா இருக்கும் இடது கை இடப்பக்கத்து மூடியை நெற்றிப்பொட்டுக்கு ஏற்றிவிடும். யார் சொல்லியும் அவர் கேட்டதில்லை. கண்ட்ரோல் ரூமுக்கு மாறும்வரை அத்தனை வருஷமும் அப்படித்தான் நின்றார். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். போனை எப்போதும் வலது காதில் வைப்பவருக்கு, இடது காது எந்த வருஷம் போனது என்பதே தெரியவில்லை.

லூசியம்மாளின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் அவருடைய இடப்பக்கமாக வந்து நின்று மெல்லக் கூப்பிட்டாள். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். இன்னும் ஒருமுறை கூப்பிட்டாள். கிறிஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

லூசியம்மாள் சுற்றி வந்து அவர் எதிரில் நின்றாள். "என்னங்க, அப்ப வண்டியில? வண்டியில பேசறது?"

"வண்டியில நீ எங்க பேசுவ? கம்முனுதான வருவ?"

பிள்ளை காதில் விழக்கூடாத பேச்சை எல்லாம் அவள் வண்டியில்தான் பேசுவாள். பின்சீட்டில் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தால் முகம் எப்போதும் அவருடைய இடது தோளுக்கு மேல்தான் இருக்கும். அவள் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

"இவ ஆறாவது படிக்கசொல்ல, வடலூர் ஸ்கூல்ல என்னை டீச்சரா கூப்ட்டாங்க. வண்டியில வரசொல்ல கேட்டேன், போவட்டுமான்னு. நீங்க வாயே தொறக்கல. நேரா பாத்து ஓட்டிகினே வந்தீங்க. வேணாங்கறாருன்னு விட்டுட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கிறிஸ்டினா இப்போது காலேஜில் படிக்கிறாள்.

"ஐயோ லூசி! போன்னுதான சொல்லியிருப்பேன்! ஒரே ஒரு வாட்டி திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேங்க" என்றாள் லூசியம்மாள். "மறுநாளே கேட்டேன். அதுவும் வண்டியிலதான்."