என் குளத்தில் மெனிக்கே அம்மாவின் புண்ணியம்



காலையில் மீனுக்குப் போட பாண் ரொட்டித் துண்டோடு பின்வளவுக் குளத்துக்குப் போனேன். கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஜாடியில் சுமந்து வந்த விரல் நீள ஜப்பான் கெண்டைகள், சிவப்பும் வெள்ளையுமாய் நாலு. ஒன்றையும் காணவில்லை. பாண் விழுந்ததும் மேலே வந்தது ஒரு கறுத்த தலை. முழங்கை நீள விரால்! வயிறு புடைத்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மெனிக்கே அம்மா வேலியோரம் ஓடி வந்தார்.

"பயப்பட வேணாம் மாஸ்டர், நான் தான் விட்டது. நேத்து போயா, பௌர்ணமி தானே? கட்டுகஸ்தோட்டை பாலத்துக்கிட்ட மீன்காரங்க இத வெட்டப் போனாங்க. பாவம், உயிரோட வாங்கிட்டு வந்தேன். ஆத்துல விட்டா திரும்பப் புடிப்பாங்க. புண்ணியத்துல பாதி உங்களுக்கு."

மனுஷி கண் கலங்கி நின்றார். தலையாட்டி வைத்தேன்.

உள்ளே என் மனைவி ரோசலின் அம்மியில் மிளகாய் அரைக்கத் தொடங்கியிருந்தாள். "என்னங்க, வெள்ளிக்கிழமை, நம்ம வேதத்துக்கு இறைச்சி ஆகாது, மீன் ஆகும். அந்த விராலப் புடிச்சிட்டு வாங்க."

"நம்ம கெண்டை நாலும் அது வயித்துல இருக்கே!"

"அப்ப நல்லா கொழுத்திருக்கும்."

பழைய வீச்சுவலையோடு திரும்பிப் போனேன். மெனிக்கே அம்மா வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்து, விராலுக்குச் சோற்று உருண்டை எறிந்துகொண்டிருந்தார். வலையைக் கண்டதும் கைகூப்பினார்.

"கொக்கு கொத்தாம மூடி வைக்கப் போறீங்களா? மாஸ்டருக்கு எவ்வளவு நல்ல மனசு!"

மூடி வைத்தேன். நாலு மூலையிலும் கல் வைத்து.

இப்போது பருப்பும் சோறும் சாப்பிடுகிறேன். ரோசலின் அரைத்த மிளகாயை என் தட்டோரம் வைத்துவிட்டுப் போனாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்கள். அடுத்த போயாவுக்குள் சொன்னால் நல்லது.