எனாமல் மேல் அடித்த மஞ்சள்

நான் பி.காம். படித்த பெயிண்டர். எங்கள் இலங்கை அகதி முகாமில் என்ன படித்தாலும் கடைசியில் ப்ரஷ்தான் கைக்கு வரும். கணக்கியல் படித்ததில் எனக்கு ஒரு லாபம் உண்டு. சாரத்திலிருந்து விழும்போதே எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்டுவிடுவேன்.

முகாம் இருப்பது தமிழ்நாட்டில். முன்னால் ஒரு வாய்க்கால். மதகைத் தாண்டினால் புதுச்சேரி, பாகூர் கொம்யூன். புதுச்சேரியின் வரைபடம் எலி கடித்த வேட்டி மாதிரி இருக்கும். எது துணி, எது ஓட்டை என்று சொல்ல முடியாது. அதனால் இங்கே எல்லோரும் ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒயின்ஷாப் தொடங்கும் இடத்தில் பாண்டிச்சேரி தொடங்குகிறது.

மதகுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே மணி அடித்தால் எங்கள் அடுப்படியில் கேட்கும். என் மகள் பத்தாவது நல்லபடியாகத் தேறி, பயாலஜி குரூப் வேண்டும் என்றாள். தமிழ்நாட்டுப் பக்கம் பயாலஜி உள்ள பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும். என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“பக்கத்துப் பள்ளிக்கூடத்தில கிடைச்சாப் படிக்கட்டும். இல்லாட்டி தையல் பழகட்டும். இருட்டில பஸ்ஸில வர விடமாட்டன்.”

பள்ளிக்குப் புறப்படும்போது மகள் என்னிடம் ஒரே ஒரு வரம் கேட்டாள். “அப்பா, அங்க வந்து பகிடி விடாதேங்கோ.”

கொடுத்த வாக்கை கிளார்க் மேசை வரை காப்பாற்றினேன்.

“நேட்டிவிட்டி இன்னா?” என்றார் கிளார்க்.

“பொண்ணு பொறந்தது கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில சார்.”

“அப்போ தமிழ்நாடு. அங்க போயி கேளு.”

“அங்க கேட்டா சிலோன்ங்கறாங்க சார்.”

“அப்போ சிலோன்ல போயி கேளு.”

“நீந்திப் போயி வர்றதுக்குள்ள அட்மிஷன் முடிஞ்சிடுமே சார்.”

அவர் சிரிக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு என் பகிடிக்கு அல்ல, எனக்கு. பின்னால் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த ஒருவர் ஊருக்கே கேட்கும்படி பேச ஆரம்பித்தார்.

“ஊரு புள்ளைங்களுக்கே சீட்டுக்கு அல்லாட வேண்டிகீது. இதுங்களுக்கு அரிசி குடுத்து, வூடு குடுத்து, இப்ப டாக்டராவ வேற வோணுமாம். செயின் போட்டுக்கினு வந்துகீது பாரு, அகதி!”

மகள் செயினைச் சட்டைக்குள் தள்ளினாள். அதைப் பார்த்த பிறகு என் வாய் என் சொல் கேட்கவில்லை.

“அது கவரிங்ணே. ஆசையா இருந்தா சொல்லுங்க, கழட்டித் தரச் சொல்றேன். ஒங்க கழுத்துக்கு எடுப்பா இருக்கும்.”

மகள் என் காலை மிதித்தாள். கிளார்க் எங்கள் காகிதங்களைத் திருப்பித் தள்ளினார். “பயாலஜில ரெண்டு சீட்டு காலியாத்தான் கீது. கெடந்துட்டுப் போவுது. ஒனக்குக் குடுக்க ரூல் இல்ல. அட்த்தது யாருபா?”

வீடு வரை அவள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். நான் ஊமையாக நின்றிருந்தாலும் அந்த மனிதர் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் அதை நிரூபிக்க முடியாதபடி நான்தான் பேசித் தொலைத்திருந்தேனே.

அடுத்த வாரம் மேஸ்திரி கூப்பிட்டார். அதே பள்ளி! ரோட்டைப் பார்த்த வெளிச்சுவரில் புதுச்சேரி மேப் வரைய வேண்டுமாம். புதுச்சேரி நீலம், தமிழ்நாடு மஞ்சள், இரண்டும் எனாமல். மானமுள்ளவன் மறுத்திருப்பான். எனக்கு வீட்டில் அரிசி முடிந்திருந்தது.

மேஸ்திரி போனில் காட்டிய படம் மங்கலாக இருந்தது. எங்கள் பக்கத்து எல்லையை என் சொந்த அறிவை வைத்தே போட்டேன், அதாவது ஒயின்ஷாப்பை வைத்து. அந்தக் கடைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வரும் குடிமக்கள் வழிதவறக் கூடாது என்று, எங்கள் முகாமையும் தாண்டி மெயின்ரோட்டுத் திருப்பத்தில் கடைப் பெயர் எழுதிய ஒரு அலங்கார வளைவு நட்டிருந்தார். தினமும் அதன் அடியில் நடந்து பழகிய கால் அதையே எல்லை என்று கைக்குச் சொல்லிவிட்டது. வளைவு வரை நீலம் அடித்தேன். முகாம் நீலத்துக்குள் வந்துவிட்டது. சத்தியமாகத் தவறுதான். என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார். அவர் விரல் நேராக அந்த இடத்துக்கே போனது.

“யோவ், இன்னாய்யா இது? ஒங் கேம்ப்ப எங்கூருல சேத்துக்கினியா?”

வளைவைச் சொன்னேன்.

“சாராயக் கட வளைவ வெச்சா ஸ்கூலு மேப்ப போடுவ? ஆபீசருங்க பாத்தா என்னத்தான் கேப்பாங்க. மாத்துயா!”

“மாத்திடறேன் சார். பயாலஜில ரெண்டு சீட்டு சும்மாதான் இருக்கு. எம் பொண்ணுக்காக மேல ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்க சார்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செவுத்துல வரைஞ்சிக்கினா நீ எங்கூரு ஆளாய்டுவியா? ஒங்களயெல்லாம் உள்ள வுட்டா நாளைக்கு ஊரே கேட்ல வந்து நிக்கும். மொதல்ல மஞ்சள அடி. அப்பறம்தான் கூலி.”

மஞ்சள் டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

எனாமல் தீர்ந்திருந்தது. மேஸ்திரியிடம் சொன்னால் வேறு டப்பா வாங்கித் தந்திருப்பார். நான் சொல்லவில்லை. மூலையில் வேறு வேலையில் மிஞ்சிய மஞ்சள் டிஸ்டெம்பர் கிடந்தது. பளபளக்கும் எனாமல் மேல் தண்ணீர்ப் பெயிண்ட் ஒட்டாது. தேய்த்து, பிரைமர் கொடுத்தால்தான் பிடிக்கும். அது ப்ரஷ் பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும். நான் தேய்க்கவில்லை, பிரைமரும் கொடுக்கவில்லை. முகாமின் மேல் கெட்டியாக ஒரு கோட்டிங் அடித்தேன். அன்று மாலை பார்க்க எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. ஹெட்மாஸ்டர் தலையசைத்தார், கூலியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் தையல் மெஷின் பேச்சு எழுந்தபோது மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். “நான் ரெண்டு பஸ்ஸிலயே போறன். தைக்க மாட்டன்.” தாய்க்கும் மகளுக்கும் சண்டை நடந்தது, நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடி விழும் என்பதால் வெளியே நின்றேன். கடைசியில் மனைவி ஒரு டார்ச் லைட் வாங்கினாள். இப்போது தினமும் இருட்டியதும் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறாள். பஸ் தாமதமானால் ஹெட்மாஸ்டர், கிளார்க், நான் என்று வரிசையாகத் திட்டுகிறாள். பெரும்பாலும் என்னிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

மகளின் முதல் பஸ் மதகைத் தாண்டி, அந்தப் பள்ளிச் சுவரை உரசிக்கொண்டுதான் போகிறது. இடம் தரமாட்டேன் என்ற பள்ளியின் மணியைக் கேட்டுக்கொண்டே அவள் தூரத்துப் பள்ளிக்குப் போகிறாள். அந்த இரண்டு பெஞ்சு இடங்களில் இன்னும் யாரும் உட்காரவில்லையாம்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. அன்று அவள் நனைந்த பையோடு வந்தாள். அட்மிஷன் நாளுக்குப் பிறகு என்னிடம் அளந்தே பேசுபவள், தலையைக்கூடத் துவட்டாமல் நேராக என்னிடம் வந்தாள்.

“அப்பா, சுவரில மஞ்சள் உரியுது.”

“எவ்வளவு?”

“எங்கட வீடு வரைக்கும் நீலம்.”

“என்ன உரியுது?” என்றாள் மனைவி, டார்ச்சை அணைத்தபடி.

“ஒண்டுமில்லையம்மா,” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.