இறால் ஐஸில் போன ரத்தம்

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எனக்குப் பிள்ளை இல்லை. டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். அதில் கருமுட்டை உண்டாகிறதா என்று பார்க்க, ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பச் சொன்னார். அப்படித்தான் அந்த லேப்காரரைச் சந்தித்தேன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய கை. ஆனால் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். எடுத்த ரத்தத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முத்துக்கு விலை மதிக்கிறவர்போல ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிறகு இறால் கம்பெனி ஐஸில் புதைத்து ரயிலேற்றுவார்.

“பிள்ளை வருமான்னு இதுல தெரிஞ்சிருமா அண்ணாச்சி?”

“மாத்திரை இந்த மாசம் கேட்டுச்சான்னு சொல்லும், அம்புட்டுத்தான். முத்துக்குளிப்புக்கு முன்னால கொஞ்சம் சிப்பிய அள்ளித் திறந்து பாப்பாவல்லா? அதுல முத்து இல்லன்னா அந்த வருசம் குளிப்பு கிடையாது. அதுக்காவ கடல மண்ணப் போட்டுத் தூத்துட்டா போயிருவாவ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதில் வந்த அன்று அவர்தான் வாசித்தார். மாத்திரை இந்த மாசம் கேட்கவில்லை. நான் தலை குனிந்து நின்றேன்.

“டாக்டரம்மா மாத்திரையக் கூட்டித் தருவாவ, தங்கச்சி. அடுத்த மாசத்துக்கு ஐஸ் சொல்லி வச்சாச்சு.”

உறையை அப்போதுதான் என் கண்முன்னே பிரித்திருந்தார். ஐஸை எப்போது சொல்லி வைத்தார்?

“நல்ல பதில் வந்திருந்தா அந்த ஐஸை என்ன செஞ்சிருப்பீய?”

“இறாலுக்கு ஆயிருக்கும்” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் மாத்திரை வாங்கப் போனேன்.