வேட்டித் துணியில் மாட்டிய நூல்

என் ஆயுசில் நான் போட்ட கையெழுத்துகளில் ஒன்றே ஒன்றை அழித்துவிட முடிந்தால் போதும். மற்றதெல்லாம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள். சித்தூரில் மின்கம்பிகளைச் சோதிக்கும் கொட்டகையில் எனக்குத் தற்காலிக வேலை. காற்றில் கம்பி ஓயாமல் நடுங்கும். கம்பத்தில் அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் சரியில்லை என்றால், கவ்விய இடத்திலேயே இழைகள் ஒவ்வொன்றாக அறும். கிளாம்ப் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. அதனால் புது கிளாம்ப் வந்தால், கொட்டகையில் கம்பியை இழுத்துக் கட்டி, மோட்டார் வைத்து நாள்கணக்கில் உதறவிடுவோம். பிறகு கழற்றி, பழைய துணியால் கம்பியை நீவுவோம். இழை அறுந்திருந்தால் துணியின் நூல் மாட்டும்.

அந்தத் துணி என் அறைத்தோழனின் கிழிந்த வேட்டி. அவன் சத்தியவேடு பக்கத்துக்காரன், லைன்மேன். "என் வேட்டி பொய் சொல்லாதுடா" என்று கிண்டலடிப்பான்.

ஒரு முறை, புதிதாக வந்த கிளாம்பைக் கழற்றிக் கம்பியை நீவியபோது மூன்று இடத்தில் நூல் மாட்டியது. இஞ்சினீயரிடம் ஓடினேன்.

"சார், மூணு இழை அறுந்துகினு கீது சார்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏம் காதுய்யா, ஒண்ணும் ஆவாது. எல்லை முடிவாவறதுக்குள்ள எல்லையோர ஊருங்களுக்கு நம்ம கம்பி போயாவணும், அப்பத்தான் அதுங்க நம்ம பக்கம்னு சொல்ல முடியும். நல்லாக்கீதுன்னு எழுது. வேலை நிரந்தரமாவணும்னு நீதானே வந்து நின்னே?"

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாழாய்ப்போன கை! அந்த ஆளைத் திட்டியே பல வருஷம் ஓட்டினேன். பேனாவைப் பிடித்தவன் நான்தான்.

அந்தக் கிளாம்புகளைப் போட்ட லைனிலேயே என் தோழனுக்கு வேலை விழுந்தது. புறப்படும்போது கேட்டான்: "கிளாம்பு நீ பாத்ததுதானே? அப்ப கண்ண மூடிக்கினு ஏறுவேன்." நான் தலையாட்டினேன்.

அடுத்த ஆடிக் காற்றுக்குப் பிறகு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு கம்பத்தில் ஏறினான். கிளாம்ப் ஓரத்தில் கம்பி அறுந்து அவனை அடித்துத் தள்ளியது. உயிர் பிழைத்தான்; இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்குள் என் வேலை நிரந்தரமாகியிருந்தது. வெட்கங்கெட்டவன், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன்.

"ஏன்டா," என்றான், "அந்த கிளாம்புல என் வேட்டி நூலு மாட்டலியா?"

"மாட்டலடா."

 என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப உம்மேல இன்னாடா தப்பு? அழுவாத. பழத்த உரி, ரெண்டு பேரும் துன்னலாம்."

உரித்தேன்.